ரீலோடு செய்த 308 சில சமயம் வெடிப்பதில்லை: ப்ரைமர் கெட்டதா, துப்பாக்கியில் கோளாறா?

குறிபார்ப்பவன்

எல்லோருக்கும் வணக்கம். 308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா ரீலோடு செய்கிறேன், அதாவது பித்தளைக் கூட்டின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமரைப் போட்டு, பவுடரும் குண்டும் வைத்து நானே அடைக்கிறேன். உரிமம், அனுமதி எல்லாம் முறைப்படி இருக்கிறது. புதுக் கூடுகளில் அடைத்தவரை ஒரு தொல்லையும் இல்லை. இப்போது கலவையாக வாங்கிய பழைய கூடுகளில் அடைக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ராணுவ 7.62 நேட்டோ கூடுகள். அன்றிலிருந்து ஆரம்பித்தது தலைவலி.

விசையை இழுத்தால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது. போல்ட் கைப்பிடியைத் தூக்கி இறக்கி மறுபடி இழுத்தால் சிலது வெடிக்கிறது. சிலது எத்தனை அடித்தாலும் சும்மா கிடக்கிறது. கடையில் வாங்கிய தோட்டா ஒன்றுகூட இப்படிச் செய்ததில்லை. ப்ரைமர் பெட்டியில் ஈரம் ஏறியிருக்குமோ என்று சந்தேகம். வேறு கம்பெனி ப்ரைமர் வாங்குவதா, ப்ரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங்கை மாற்றுவதா?

தூரஇலக்கு

ப்ரைமரை மாற்றிப் பாருங்கள். எல்லாக் கம்பெனி ப்ரைமரும் ஒரே கடினம் கிடையாது. ஃபெடரல் 210 மென்மையான கிண்ணம் என்று பெயர் வாங்கியது, லேசான அடிக்கே பற்றிக்கொள்ளும். சிசிஐ 200 கொஞ்சம் கடினம். சிசிஐ 34 என்று ஒன்று இருக்கிறது, அது ராணுவ அளவுகோலுக்குச் செய்தது, இன்னும் கடினம். ஸ்பிரிங் பழசாக இருந்தால் கடினமான ப்ரைமர் வெடிக்காது. என்னுடைய ரைஃபிளில் ஸ்பிரிங் மாற்றியதும் எல்லாம் சரியானது.

மெதுவா_சுடு

மற்றதெல்லாம் அப்புறம். 'டிக்' என்றதும் எவ்வளவு நேரம் காத்திருந்து போல்ட்டைத் தொட்டீர்கள்?

தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் முதலில் 'டிக்' என்றுதான் சொல்லும். ப்ரைமர் பொறி விட்டிருக்கும், பவுடர் உடனே பிடிக்காமல் புகைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் போல்ட்டைத் திறந்தால் கூடு உங்கள் முகத்துக்கு முன்னால் வெடிக்கும், தாங்கிப் பிடிக்கச் சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருக்காது. குழலை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி அசையாமல் இருங்கள். ஒரு நிமிடம் என்று விதி வைத்திருக்கிற சுடுதளங்களும் உண்டு. இன்றைய ப்ரைமர், பவுடரில் தாமதம் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள்ளேயே முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஏன் வெடிக்கவில்லை என்றே தெரியாத தோட்டா.

குறிபார்ப்பவன்

காத்திருந்தேன் அண்ணா, அந்த விஷயத்தில் எங்கள் சுடுதளத்தில் கண்டிப்பு அதிகம். காத்திருந்த பிறகுதான் கைப்பிடியைத் தூக்கினேன்.

லேத்துக்காரர்

தம்பி, ஒன்றையும் வாங்க வேண்டாம், ஒன்றையும் மாற்ற வேண்டாம். வெடிக்காத தோட்டா எதுவும் கைவசம் இருக்கிறதா? இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கான சாட்சி அதுதான்.

உங்கள் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. கடைத் தோட்டா தவறுவதில்லை என்றால் ஸ்பிரிங், ஃபயரிங் பின் இரண்டையும் ஓரளவு ஒதுக்கி வைக்கலாம். இரண்டாவது அடியில் சிலது வெடிக்கிறது என்றால் அந்த ப்ரைமர்களில் ஈரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. செத்த ப்ரைமர் இரண்டாவது அடியில் உயிர் பெறாது.

அப்படியானால் முதல் அடி எங்கே போனது? ப்ரைமரை நகர்த்துவதில் போனது. ப்ரைமர் உள்ளே மூன்று பொருள்: வெளியே மெல்லிய கிண்ணம், உள்ளே உணர்திறன் கொண்ட மருந்து, அதற்கு மேல் மூன்று கால் உள்ள சின்னப் பட்டறைக்கல். ஃபயரிங் பின் வந்து கிண்ணத்தைக் குத்தும்போது மருந்து பட்டறைக்கல்லுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நசுங்க வேண்டும். நசுங்க வேண்டுமானால் பட்டறைக்கல்லின் கால்கள் கூட்டில் உள்ள ப்ரைமர் குழியின் அடித்தளத்தில் கெட்டியாக ஊன்றி நிற்க வேண்டும். ப்ரைமரை அடிவரை அழுத்தாமல் விட்டிருந்தால் கால்கள் அந்தரத்தில் தொங்கும். பின் அடிக்கிற அடி மொத்தமும் ப்ரைமரைக் குழிக்குள் தள்ளவே செலவாகும். அப்படி முதல் அடி ப்ரைமரை ஊன்றி வைக்கும், இரண்டாவது அடி வெடிக்க வைக்கும்.

இரண்டாம் அடியில் வெடிப்பவற்றுக்கு இதுதான் காரணம் என்று தொண்ணூறு சதவீதம் அடித்துச் சொல்வேன். எத்தனை அடித்தாலும் வெடிக்காதவை வேறு கதை. அந்த இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

சில விவரம் வேண்டும். ப்ரைமர் போட என்ன கருவி? ராணுவக் கூடுகளில் கிரிம்ப்பை (குழியின் விளிம்பை உள்ளே மடித்திருப்பதை) எடுத்தீர்களா, எதை வைத்து? வெடிக்காத தோட்டாவின் ப்ரைமரில் பின் குத்திய குழி ஆழமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா? பக்கத்தில் கடைத் தோட்டாவின் சுட்ட கூட்டை வைத்து ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

தூரஇலக்கு

எனக்கும் கடைத் தோட்டா வெடித்தது, ரீலோடு மட்டும்தான் தவறியது. ஸ்பிரிங் மாற்றியதும் தீர்ந்தது. உங்கள் வாதப்படி என் ஸ்பிரிங் நன்றாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

லேத்துக்காரர்

'ஓரளவு' என்று சேர்த்துச் சொன்னேன் ஐயா. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எல்லாம் சரியாக அமைந்த தோட்டா மட்டும் வெடிக்கும், கொஞ்சம் பிசகினாலும் வெடிக்காது. கம்பெனி ப்ரைமரை இயந்திரம் ஒரே ஆழத்தில் அழுத்துகிறது, அதனால் அது தப்பிக்கும். புது ஸ்பிரிங் போட்டதும் ஓங்கி அடிக்கிறது, மேலே துருத்திய ப்ரைமரையும் ஒரே அடியில் ஊன்றி வெடிக்க வைக்கிறது. நோய் அப்படியே இருக்க, வலி மட்டும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் தோட்டாவின் ப்ரைமரை விரல் நுனியால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா?

தூரஇலக்கு

தடவிப் பார்ப்பேன். மேலே துருத்தாமல் சமமாக இருக்கும்.

லேத்துக்காரர்

சமமாக இருந்தால் போதாது. கூட்டின் அடித்தட்டுக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் இறங்கி இருக்க வேண்டும், மில்லிமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை. குழி ஆழமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட இறங்கலாம். விரலால் தடவினால் சின்னப் பள்ளம் உணர வேண்டும். நேரான உலோகப் பட்டையை அடித்தட்டில் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ப்ரைமருக்கும் பட்டைக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் நல்லது.

ஆனால் எத்தனை அங்குலம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. பெரிய ரைஃபிள் ப்ரைமர் குழியின் ஆழத்துக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா அளவுகளை வகுக்கும் சாமி (SAAMI) அமைப்பின் அளவு 0.125 முதல் 0.132 அங்குலம் வரை. அந்த 0.007 அங்குலத்துக்குள் எந்தக் கூடும் எங்கேயும் இருக்கலாம். ஆழக் குழியில் 0.004 இறங்கியும் கால்கள் தொங்கலாம். அடியைத் தொட்டதா என்பதுதான் கேள்வி, மேலிருந்து எவ்வளவு இறங்கியது என்பது அதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே.

பித்தளைக்கூடு

இங்கேதான் கைக் கருவியின் அருமை. ரீலோடு செய்யும் மேசைக் கருவியான பிரஸ்ஸின் நீளமான நெம்புகோலில் ப்ரைமர் போட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது. கையில் பிடித்து அழுத்தும் கருவியில் இரண்டு கட்டம் தெளிவாகத் தெரியும். முதலில் ப்ரைமர் சுவரை உரசிக்கொண்டு இறங்கும் எதிர்ப்பு. அப்புறம் 'தொக்' என்று அடியில் முட்டும். முட்டியதோடு நிறுத்தாமல் இன்னும் துளி அழுத்தம் கொடுக்க வேண்டும். அந்தத் துளியில்தான் பட்டறைக்கல் கிண்ணத்துக்குள் நெருக்கி உட்காரும். நெருக்கி உட்கார்ந்த ப்ரைமர் ஒரே சீராக வெடிக்கும். தூரத்தில் குண்டு விழும் உயரம்கூடக் கட்டுக்குள் வரும் என்று இலக்குப் போட்டிக்காரர்கள் இதற்காகவே மெனக்கெடுகிறார்கள்.

ரொம்பப் பேர் பயந்து மென்மையாக அழுத்துகிறார்கள். வெடித்துவிடுமோ என்ற பயம்தான். மெதுவாக, நேராகக் கொடுக்கும் அழுத்தத்துக்கு ப்ரைமர் வெடிப்பது அபூர்வம், திடீர் அடிக்குத்தான் வெடிக்கும். சிக்கிக்கொண்ட ப்ரைமரை இடித்துத் தள்ளுவது வேறு, அதைச் செய்யவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள். ப்ரைமர் தட்டில் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து வெடிக்கும். ப்ரைமரைக் கொட்டிக் கண்ணாடிச் சீசாவில் சேர்த்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கம்பெனி அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை இருப்பது அழகுக்காக இல்லை.

குறிபார்ப்பவன்

லேத்துக்காரர் ஐயா கேட்டதற்குப் பதில். ப்ரைமர் போடுவது பிரஸ்ஸிலேயேதான். கிரிம்ப்பை சாய்முனை ரீமர் என்ற வெட்டும் கருவியைக் கையால் திருகி எடுத்தேன், சில கூடுகளில் ப்ரைமர் நுழைய மறுத்தது, கொஞ்சம் அழுத்தியதும் போய்விட்டது. வெடிக்காதவற்றைப் பார்த்தேன். சிலவற்றில் குழி நன்றாகவே ஆழம். சிலவற்றில் கடைத் தோட்டாவோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. கூடுகளை மக்காச்சோளச் சக்கைத் தூளில் சுழற்றிச் சுத்தம் செய்கிறேன். டையை (சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) கம்பெனிக் குறிப்பில் சொன்னபடி, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட வைத்து, கூடக் கால் சுற்று இறக்கி வைத்திருக்கிறேன்.

பித்தளைக்கூடு

"கொஞ்சம் அழுத்தியதும் போய்விட்டது". இந்த இடத்தில் நின்று யோசியுங்கள் தம்பி.

ராணுவக் கூட்டில் ப்ரைமர் கழன்று வரக்கூடாது என்று குழியின் விளிம்பை உள்ளே மடித்து விட்டிருப்பார்கள். இயந்திரத் துப்பாக்கியில் ஒரு ப்ரைமர் கழன்று உள்ளே விழுந்தால் ஆயுதமே முடங்கும், அதற்காக. பழைய ப்ரைமரைத் தள்ளி எடுத்த பிறகும் அந்த விளிம்பு அங்கேயே இருக்கும். முழுதாக எடுக்காமல் புது ப்ரைமரைத் திணித்தால் ஓரம் நசுங்கும், சாய்ந்து இறங்கும், சில நேரம் கிண்ணம் சுருங்கி மருந்துக் கட்டியே பட்டறைக்கல்லை விட்டு உடைந்துபோகும். அப்படி உடைந்தது எத்தனை அடித்தாலும் வெடிக்காது. உங்கள் இரண்டாவது வகையில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம்.

ரீமரைக் கையால் திருகும்போது ஒரு கூட்டில் அதிகம், ஒரு கூட்டில் குறைவு என்று வரும். அதிகம் வெட்டினால் குழி தளர்ந்து ப்ரைமர் நிற்காது. மேசையில் பொருத்தும் ஸ்வேஜ் கருவி வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது வெட்டாது, விளிம்பை உருட்டித் தள்ளும். எல்லாக் கூட்டுக்கும் ஒரே அளவு வரும்.

கேள்விக்குறி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். விரலில் எண்ணெய் பட்டால் ப்ரைமர் செத்துவிடும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். நான் கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். அவசியமா?

தூரஇலக்கு

அவசியம். ஒரு சொட்டு எண்ணெய் போதும், ப்ரைமர் போச்சு.

பித்தளைக்கூடு

அவ்வளவு சுலபமாகச் சாகாது. கம்பெனியிலேயே மருந்தின் மேல் காகிதத் தகடும் அரக்குப் பூச்சும் போட்டு வருகிறார்கள். பழுதான ப்ரைமர்களைச் சாகடிக்க நினைத்து எண்ணெயில் ஊறப் போட்டவர்கள், காய்ந்ததும் அது மறுபடி வெடித்ததைப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் இதே கதை. அதனால்தான் 'எண்ணெயில் போட்டேன், இனி ஆபத்து இல்லை' என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

அதற்காக எண்ணெய்க் கையோடு தொடலாம் என்று அர்த்தம் இல்லை. துடைத்த, உலர்ந்த கை போதும். கையுறையைவிட முக்கியம் வேலை முடிந்ததும் கை கழுவுவது. ப்ரைமர் மருந்தில் ஈயச் சேர்மம் இருக்கிறது.

என் அனுபவத்தில் எண்ணெய் தொல்லை தருவது வேறு இடத்தில். கூட்டை டையில் போடும் முன் தடவும் மசகு கழுத்துக்குள் தங்கிவிடும். கழுவாமல் பவுடர் கொட்டினால் கட்டி தட்டும். ஈர முறையில் எஃகு ஊசிகளோடு சுழற்றிச் சுத்தம் செய்பவர்கள் கூட்டை முழுதாகக் காயவிட வேண்டும். ஊசிகள் இரண்டு சேர்ந்தாற்போல் ஃப்ளாஷ் ஹோலில் (ப்ரைமரின் பொறி பவுடருக்குப் போகும் ஓட்டை) மாட்டிக்கொள்வதும் உண்டு, ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

மெதுவா_சுடு

மக்காச்சோளத் தூளுக்கும் அதே எச்சரிக்கை. பழைய ப்ரைமரை எடுத்துவிட்டுச் சுழற்றினால் துணுக்கு ஃப்ளாஷ் ஹோலில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஓட்டை சுமார் 2 மில்லிமீட்டர்தான். ப்ரைமர் வெடிக்கும், பொறி மேலே போகாது. குழியின் அடியில் துணுக்கு கிடந்தால் இன்னும் மோசம், ப்ரைமரின் கால்கள் அதன்மேல் உட்காரும், பின்னின் அடியை அது மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும். குழியில் படியும் கரியும் தடித்துப்போனால் இதையேதான் செய்யும்.

பழைய ப்ரைமரோடு சேர்த்தே முதலில் சுழற்றுங்கள், அப்புறம் டையில் போடுங்கள். டையின் ஊசியே ஓட்டையைச் சுத்தம் செய்துவிடும்.

லேத்துக்காரர்

லேசான குழி விழுந்தவற்றுக்கு வருகிறேன். அதே ரைஃபிளில், அதே பின், கடைத் தோட்டாவில் ஆழமாகவும் உங்கள் தோட்டாவில் பாதியாகவும் குத்துகிறது என்றால், உங்கள் கூடு பின்னை விட்டு விலகி ஓடுகிறது.

308 கூட்டுக்கு விளிம்பு கிடையாது. சேம்பருக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அதன் தோள்தான் (கழுத்துக்குக் கீழே கூடு குறுகும் சரிவு) நிறுத்துகிறது. டை அந்தத் தோளைத் தேவைக்கு மேல் பின்னால் தள்ளியிருந்தால் கூட்டுக்கு முன்னால் காலி இடம் உண்டாகும். பின் குத்தியதும் கூடு அந்த இடத்துக்குள் முன்னே ஓடும். பின் போல்ட் முகத்திலிருந்து நீள்வதே ஏறக்குறைய 0.055 முதல் 0.065 அங்குலம்தான், பல ரைஃபிள்களில் அவ்வளவே. அதில் கூடு ஓடிய தூரம் கழிந்துவிடும். இங்கே இரண்டாவது அடியும் உதவாது.

தொட வைத்துக் கால் சுற்று என்ற குறிப்பு எந்த ரைஃபிளிலும் நுழையக்கூடிய தோட்டா வரட்டும் என்பதற்காக எழுதியது. டையின் மரை அங்குலத்துக்கு 14 என்பதால் கால் சுற்று 0.018 அங்குலம். பிரஸ்ஸின் நெகிழ்வு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், இருந்தாலும் உங்கள் சேம்பர் கொஞ்சம் நீளமானதாக இருந்தால் தோள் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் பின்னே போகும். 308க்கு சேம்பர் அளவுக் கட்டைகளில் 'கோ' (போல்ட் மூட வேண்டியது) 1.630 அங்குலம், 'நோ கோ' (மூடக் கூடாதது) 1.634. நேட்டோ சேம்பர் இதைவிடத் தாராளமாகவும் இருக்கும்.

உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டை, ப்ரைமரை எடுத்துவிட்டு, தோள் அளக்கும் துணைக்கருவியை வெர்னியரில் மாட்டி அளங்கள். அப்புறம் டையில் போட்ட கூட்டை அளங்கள். வித்தியாசம் 0.001 முதல் 0.002 இருந்தால் போல்ட் ஆக்‌ஷனுக்குப் போதும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவுக்கு 0.003 முதல் 0.005 வரை விடுவார்கள். உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள்.

இது வெடிக்காமல் போகும் வெறும் மிஸ்ஃபயர் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படித் தள்ளிய கூடு வெடிக்கும்போது முன்பாதி சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாதி போல்ட்டை நோக்கி நீளும். சில சுற்றில் அடியிலிருந்து கொஞ்சம் மேலே உட்சுவர் மெலிந்து, கூடு இரண்டாகப் பிரியும். வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது ஒரு பள்ளம் தட்டினாலோ அந்தக் கூடு குப்பைக்கு.

செமிஆட்டோ

தோள் தள்ளாமல் விட்டாலும் பிரச்சினைதானே? எனக்குத் தெரிந்தவர் போல்ட் ஆக்‌ஷனில் டையை மேலே ஏற்றி வைத்து மிஸ்ஃபயர் வாங்கினார்.

லேத்துக்காரர்

சரியான கேள்வி. கூடு நீளமாக இருந்தால் போல்ட் கைப்பிடி முழுதாக இறங்காது, கடைசித் துளி பாக்கி நிற்கும். விசையை இழுத்ததும் முன்னே பாயும் பின் தன் வேகத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துக் கைப்பிடியைக் கீழே இறக்கும். மாசர் வகைப் போல்ட்டுகளில் இது நடக்கும். மிச்ச வேகம்தான் ப்ரைமருக்குக் கிடைக்கும். 'டிக்' என்றதும் கைப்பிடி தானாக இறங்கியதைப் பார்த்தால் இதுதான் காரணம்.

செமிஆட்டோ

நன்றி. என்னுடையதில் பின் எந்த ஸ்பிரிங்கும் இல்லாமல் மிதக்கிறது. மிஸ்ஃபயர் வருகிறது என்று மென்மையான ப்ரைமருக்கு மாறலாமா?

மெதுவா_சுடு

வேண்டாம்! மிதக்கும் பின் இருக்கிற துப்பாக்கியில் போல்ட் முன்னே ஓடி நிற்கும்போது பின் தன் வேகத்திலேயே ப்ரைமரை லேசாகக் குத்தும். வெளியே எடுத்த தோட்டாவில் அந்தச் சின்னப் பொட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். ப்ரைமர் மென்மையாக இருந்து, அதுவும் மேலே துருத்திக்கொண்டிருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கும். போல்ட் பூட்டும் முன்பே வெடித்தால் துப்பாக்கியும் போகும், ஆளுக்கும் ஆபத்து. சிசிஐ 34, 41 எல்லாம் கடினமாகச் செய்திருப்பதே இந்த வகைத் துப்பாக்கிகளுக்காக. போல்ட் ஆக்‌ஷனில் துருத்திய ப்ரைமர் 'டிக்' என்று ஏமாற்றும், உங்களுடையதில் அதே ப்ரைமர் கேட்காமலே வெடிக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் தடவிப் பாருங்கள்.

போல்ட்டைக் கழற்றி பின் ஓடும் துளையைச் சுத்தம் செய்தீர்களா? கெட்டியான பழைய கிரீஸ் குளிரில் பின்னை மெதுவாக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்விக்குறி

பெரிய பிஸ்டல் ப்ரைமரும் பெரிய ரைஃபிள் ப்ரைமரும் விட்டம் ஒன்றுதானே? அவசரத்துக்கு மாற்றிப் போடலாமா?

பித்தளைக்கூடு

கூடவே கூடாது. விட்டம் இரண்டுக்கும் 0.210 அங்குலம், ஆனால் பிஸ்டலுடையது உயரம் குறைவு. ரைஃபிள் குழியில் ரொம்ப உள்ளே போய் உட்காரும், பின் எட்டாமல் மிஸ்ஃபயர் ஆகலாம். எட்டிவிட்டால் இன்னும் ஆபத்து: கிண்ணம் மெல்லியது, ரைஃபிள் அழுத்தத்துக்குக் கிழிந்து சூடான வாயு போல்ட் வழியாகப் பின்னால் வரும். சின்ன அளவுகளில் இரண்டும் ஒரே உயரம் என்பதால் பிசகு கண்ணுக்கே தெரியாது, கிண்ணத்தின் தடிமன்தான் வேறு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ப்ரைமர் பெட்டி, ஒரே ஒரு பவுடர் டப்பா. மற்றதெல்லாம் அலமாரியில் இருக்கட்டும்.

பொறி அதிகம் விடும் மேக்னம் ப்ரைமர் பற்றியும் யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். உருண்டை மணிப் பவுடர் சிலது பற்றுவதற்குச் சோம்பல்படும், குளிரில் இன்னும் அதிகம். 'டிக்... டும்' என்று இடைவெளி கேட்டால் பவுடர் கம்பெனிக் கையேட்டில் எந்த ப்ரைமர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ப்ரைமர் வகையை மாற்றினால் பவுடர் அளவைக் குறைத்து மறுபடி கீழிருந்து ஏற ஆரம்பிக்க வேண்டும். கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள். பவுடர் அளவுகளை இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம், கையேடே இருக்கட்டும்.

மெதுவா_சுடு

'டிக்' என்பதற்கும் 'பொப்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதையும் இங்கே சேர்த்துவிடுங்கள். ப்ரைமர் மட்டும் வெடித்து, பவுடர் இல்லாமலோ பிடிக்காமலோ போனால் சின்னச் சத்தம் வரும், உதை இருக்காது. குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். காத்திருந்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். குண்டு வைப்பதற்கு முன் எல்லாக் கூடுகளையும் பலகையில் அடுக்கி டார்ச் அடித்துப் பவுடர் மட்டத்தைப் பார்த்தால் இந்த நிலை வராது.

குறிபார்ப்பவன்

அளந்துவிட்டேன். டையில் போட்ட கூடுகளின் தோள் சுட்ட கூட்டைவிட 0.007, 0.008 என்று பின்னால் இருக்கிறது. லேசான குழி விழுந்த தோட்டாக்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

ஆழமான குழி விழுந்தும் வெடிக்காதவற்றில் பெரும்பாலும் ராணுவக் கூடு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிலவற்றில் ப்ரைமர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்றில் ஓரம் சீவியதுபோல் இருக்கிறது. இன்னும் சுடாத தோட்டாக்களில் கணிசமானவை அடித்தட்டுக்குச் சமமாகவே நிற்கின்றன, பள்ளமே இல்லை.

கைக் கருவியும் ஸ்வேஜும் சொல்லி வைத்திருக்கிறேன். சமமாக நிற்கும் தோட்டாக்களை மட்டும், கருவி வந்ததும், இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திச் சரிசெய்துகொள்ளலாமா? பவுடர், குண்டு எல்லாம் வைத்து முடித்தவை அவை.

லேத்துக்காரர்

அடைத்து முடித்த தோட்டாவில் ப்ரைமரைத் தொடவே தொடாதீர்கள். ப்ரைமர் வெடித்தால் கையில் இருப்பது முழுத் தோட்டா, சுற்றிலும் சேம்பர் இல்லை. காலிக் கூட்டில் ஒரு ப்ரைமர் வெடிப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது.

எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். முதலில் குண்டு, அப்புறம் பவுடர். பிரஸ்ஸில் மாட்டும் காலெட் புல்லர் (குண்டைக் கவ்வி இழுக்கும் கருவி) நல்லது. சுத்தியல் மாதிரி தட்டும் புல்லரை, பின் ஏற்கெனவே குத்திய தோட்டாவுக்குப் பயன்படுத்த வேண்டாம், மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பவுடரை டப்பாவில் திரும்பக் கொட்டாதீர்கள்.

பின் படாத கூடுகளில், பவுடர் ஒரு மணிகூட இல்லை என்று பார்த்துக்கொண்டு, கைக் கருவியில் மெதுவாக இன்னும் அழுத்தலாம். அதில் ஆட்சேபம் இல்லை. சாய்ந்தவை, பின் குத்தியவை எல்லாவற்றையும் காலிக் கூடாகவே ரைஃபிளில் வைத்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, விசையை இழுத்து வெடிக்க வையுங்கள். அதிலும் வெடிக்காதது இருந்தால் உங்கள் சுடுதளத்தில் பழுதான தோட்டா போட வைத்திருக்கும் பெட்டிக்குப் போகட்டும். வீட்டுக் குப்பையில் வேண்டாம்.

தோள் 0.008 பின்னால் போன காலிக் கூடுகளைத் தனியே எடுத்து வையுங்கள். டையை மேலே ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 0.002 வரும் இடத்தில் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். ராணுவக் கூடு சுவர் தடித்தது, கடைக் கூட்டைவிடக் கொள்ளளவு குறைவு. இரண்டையும் கலக்காமல் தனித்தனிக் குவியலாக வைத்தால் டை அமைப்பதும் சுலபம், பவுடர் அளவிலும் குழப்பம் வராது.

குறிபார்ப்பவன்

சரி ஐயா, எல்லாவற்றையும் பிரிக்கிறேன். காலெட் புல்லருக்கு அளவு சொல்லி வாங்க வேண்டுமாமே, எது?

லேத்துக்காரர்

குண்டின் விட்டம் 0.308 அங்குலம், 30 காலிபர் காலெட் கேளுங்கள். புல்லரின் உடலும் காலெட்டும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் விற்பார்கள், இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.